ஒலிமானியின் தீர்ப்பும் செவியின் முறையீடும்

கலைப்பீட மாணவன் டெசிபெலைப் பற்றி எழுதப் புகுவது அத்துமீறல் எனச் சிலர் கருதக்கூடும். அளவீடு வெறும் எண்ணோடு முடிந்துவிடும் காரியமாயின் அக்கருத்தை யானும் ஏற்பேன். ஆனால், எந்த ஒலியை எண்ணுவது, எதனைக் கழித்துவிடுவது என முன்னரே தீர்மானித்த பின்பே ஒலிமட்டமானி தன் எண்ணைக் காட்டுகின்றது. அத்தீர்மானம் மனிதர் செய்தது. அதனை வினவும் உரிமை எமக்கும் உண்டு.

ஒரு பரீட்சைக் காலத்தில் எமது விடுதிக்கு அயலிலுள்ள கட்டடமொன்றின் மின்பிறப்பாக்கி இரவிரவாக இயங்கியது. முறைப்பாட்டின்பேரில் வந்தவர் யன்னலருகே மானியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வரம்புக்குள்ளதான் இருக்கு, தம்பி" என்றார். சுவரில் கைவைத்தால் அதிர்வு தெரிந்தது. மானியின் முகப்பில் எண்ணுக்கு அருகே 'ஏ' என்றோர் எழுத்து இருந்தது. அதன் பொருளை அவர் கூறவில்லை. வெட்கக்கேடு, நாமும் வினவவில்லை.

அவ்வெழுத்தே இங்கு வழக்கு. மனிதச் செவி எல்லா மீடிறன்களையும் ஒருபடித்தாகக் கேட்பதில்லை. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சரும் மன்சனும் 1933 இல் வெளியிட்ட சமவுரப்பு வளைகோடுகள் இதனைக் காட்டின. மெல்லிய ஒலியாயின் தாழ்ந்த மீடிறன்களில் செவி மந்தமாக இருக்கும். ஒலி உரக்க உரக்க அம்மந்தம் குறைந்து செல்லும். எனவேதான் மெல்லொலிக்கு ஏ, நடுத்தர ஒலிக்கு பீ, உரத்த ஒலிக்கு சீ என மூவகை நிறையேற்றங்கள் வகுக்கப்பட்டன. ஏ நிறையேற்றம் 40 போன் வளைகோட்டைத் தழுவியது. அதாவது, அமைதியான அறையில் கேட்கும் மெல்லிய தூய தொனிகளுக்குரியது. காலப்போக்கில் இப்பாகுபாடு கைவிடப்பட்டு, எல்லா ஒலிக்கும் ஏ என்றாயிற்று. சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 2002 இல் வெளியிட்ட நியமத்தில் பீ இடம்பெறவேயில்லை.

நிமிடத்துக்கு 1500 தடவை சுழலும் நான்கு உருளை டீசல் இயந்திரத்தில் செக்கனுக்கு 50 வெடிப்புகள் நிகழ்கின்றன. அந்த 50 ஹேர்ட்ஸ் ஒலியிலிருந்து ஏ நிறையேற்றம் ஏறத்தாழ 30 டெசிபெலைக் கழித்துவிடுகின்றது. வலுவின் கணக்கிற் சொன்னால், ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். சீ நிறையேற்றம் கழிப்பதோ 1.3 டெசிபெல் மட்டுமே.

"செவியே அதனை மந்தமாகத்தானே கேட்கின்றது, கழிப்பதில் என்ன தவறு?" என்பர். இதில் ஓரளவு உண்மையுண்டு. தொழிற்சாலை இரைச்சலால் விளையும் செவிப்பாதிப்பை மதிப்பிட ஏ நன்கு பயன்பட்டு வந்துள்ளது என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும், தாழ்ந்த மீடிறன்களில் அவ்வளைகோடுகள் நெருங்கி அமைவதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். அங்கே சில டெசிபெல் உயர்வே பெரும் உரப்பாக உணரப்படும். மேலும், சுவரும் மூடிய யன்னலும் உயர் மீடிறன்களைத் தடுத்துத் தாழ்ந்தவற்றை உள்ளே விடுகின்றன. படுக்கையில் கிடப்பவனுக்கு எஞ்சுவது அந்த உறுமல் மட்டுமே. கூரையில் பெய்யும் மழையும் அவ்வுறுமலும் ஏ அளவில் ஒரே எண்ணைப் பெறக்கூடும். மழையில் உறங்கியவர் யாவரும் இவ்விரண்டின் வேறுபாட்டை அறிவர்.

இது எனது கற்பனையன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 1999 ஆம் ஆண்டு வழிகாட்டல், தாழ்ந்த மீடிறன் மேலோங்கிய இரைச்சலுக்கு ஏ அளவு மட்டும் போதாது என்கின்றது; நிறையேற்றாத அளவுக்கும் ஏ அளவுக்கும் இடையே 10 டெசிபெலுக்கு மேல் வேறுபாடு இருப்பின், மீடிறன் பகுப்பாய்வு செய்ய வேண்டும் என்றும் கூறுகின்றது. இலங்கையில் 1996 இல் வர்த்தமானியில் வெளியான இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளோ ஏ அளவிலேயே எல்லைகளை வகுத்தன: குறைந்த இரைச்சற் பிரதேசத்துக்கு இரவில் 45 டெசிபெல். எல்லையைத் தளர்த்தவோ இறுக்கவோ நான் கோரவில்லை. அறிக்கையில் ஏ அளவுக்கு அருகே சீ அளவையும் எழுதுக என்றே கேட்கின்றேன். பெரும்பாலான மானிகளில் அதற்கு வேண்டுவது ஓர் ஆளியை மாற்றுவதே. அன்றிரவு அதை மாற்றியிருந்தால், வந்தவர் எம்மிடம் வேறு விடை கூறியிருக்கவும் கூடும்.