உழுபவனுக்கே நிலம்; உழும் யந்திரம் யாருக்கு?

விலை கொடுத்து வாங்கிய டிராக்டர். சாவி விவசாயியின் மடியில். ஆனால் பழுதானால் அதைச் சீர்செய்யும் வழி அவன் கையில் இல்லை! சுதந்திரத்தின் தாயகம் என்று தம்பட்டம் அடிக்கும் அமெரிக்காவில்தான் இந்த அநியாயம்.

அங்குள்ள புதிய டிராக்டர்களைக் கம்ப்யூட்டர் ஆளுகிறது. சிறு கோளாறு கண்டாலும் எஞ்சின் வேகத்தை அது குறைத்துவிடும். கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யத் தேவையான முழு சாப்ட்வேரை ஜான் டீர் கம்பெனி தன் டீலர்களுக்கு மட்டுமே கொடுத்து வைத்திருக்கிறது என்று, 2025 ஜனவரியில் அந்நாட்டு மத்திய வர்த்தக கமிஷனே வழக்குத் தொடுத்தது. அறுவடைக் காலத்தில் டீலரின் ஆள் வரும்வரை கதிர் காத்திருக்குமா?

இதனால்தான் 1980ஐ ஒட்டிச் செய்யப்பட்ட பழைய டிராக்டர்களுக்கு அங்கே ஏலத்தில் கிராக்கி ஏற்பட்டது. ஸ்பானர் இருந்தால் கழற்றலாம். பிஸ்டனும் லைனரும் மாற்றி மீண்டும் ஓட்டலாம். ஆனால் அதிலும் முழு விடுதலை இல்லை. வெளிப் பட்டறையில் கிடைக்கும் பாகத்துக்குப் போட்டி உண்டு. டீலரிடம் மட்டுமே கிடைக்கும் பாகத்துக்கு அவன் சொன்னதே விலை!

நாம் யந்திரத்துக்கு விரோதிகளா? இல்லை. யந்திரத்துக்குப் பூட்டுப் போடும் ஏகபோகத்துக்கே விரோதிகள்.

அந்த யந்திரத்தைச் செய்யும் தொழிலாளியின் கதி என்ன? 2021 அக்டோபரில் அதே கம்பெனியின் பதினாயிரம் தொழிலாளர்கள் ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்துதான் ஊதிய உயர்வு பெற்றார்கள். 2023இல் கம்பெனியின் நிகர லாபமோ 1,000 கோடி டாலருக்கும் மேல்! செய்பவனையும் உழுபவனையும் கசக்கிப் பிழிவது ஒரே கைதான்.

போராட்டம் வீண்போகவில்லை. உதிரி பாகம், கருவி, சாப்ட்வேர், கையேடு யாவற்றையும் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தந்தாக வேண்டும் என்று கொலராடோ மாநிலம் 2023இல் சட்டம் இயற்றியது.

அமெரிக்கச் சங்கதி நமக்கெதற்கு என்று இருந்துவிட முடியாது. ஜான் டீர் புனேயிலும் டிராக்டர் செய்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அதன் பட்டியலில் விவசாயக் கருவிகளும் இருந்தன. அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தார்கள். இணையதளம் சட்டமாகிவிடுமா?

டிராக்டர் நமக்கேது என்று விவசாயக் கூலித் தோழர் கேட்கலாம். உதிரி பாகத்தின் விலை உழவு வாடகையில் ஏறுகிறது. வாடகை கொடுத்த சிறு விவசாயி கூலியில் கை வைக்கிறான். கடைசியில் அந்தச் சுமை விழுவது உங்கள் கஞ்சிக் கலயத்தில்தான்! ஆலையில் யந்திரத்தைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் தோழரின் கைத்திறனும் கிராமத்துக்குப் பயன்படாமல் தடுக்கப்படுகிறது.

ஆகவே நாம் கோருகிறோம்: பாகங்களும் கையேடும் நியாய விலையில் எவருக்கும் கிடைக்கச் சட்டம் வேண்டும்! ஒவ்வொரு வட்டாரத்திலும் கூட்டுறவுப் பழுதுபார்ப்பு நிலையம் வேண்டும்! விவசாயிகள் சங்கமும் தொழிற்சங்கமும் தோளோடு தோள் நின்று எழுப்ப வேண்டிய கோஷம் இது.