கடித்த பழம்



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, மறைக்கல்வி முடிந்து வந்த தறிக்காரர் வீட்டுச் சிறுவன் ஒருவன், மரத்தடியில் கிடந்த கொய்யாப்பழத்தை எடுத்து வாயில் வைக்கப் போனான். அதில் பல் பதிந்திருக்கக் கண்டு தடுத்தோம். "அணில் கடித்த பழந்தான் தித்திக்கும் என்று ஆயா சொல்லும், சாமி" என்றான். கடித்தது அணில்தான் என்று யார் கண்டது? இரவில் வௌவாலும் அதே மரத்திற்கு வருகிறதல்லவா?

பழந்தின்னி வௌவாலிடம் நிபா என்னும் நச்சுயிரி தங்கியிருக்கக்கூடும். வௌவாலுக்கு அதனால் கேடில்லை. மனிதரைப் பற்றினாலோ மூளையைத் தாக்கி உயிரையே குடிக்கிறது. 1998-இல் மலேசியாவில் இந்நோய் தலைகாட்டியது. பன்றிப் பண்ணைகளை ஒட்டிப் பழமரங்கள் வளர்த்திருந்தனர். வௌவால்கள் தின்று உதிர்த்த பழங்களைப் பன்றிகள் தின்றன. பன்றிகளிடமிருந்து அவற்றை வளர்த்தோருக்கு நோய் தொற்றிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ பத்து லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன.

நம் அண்டை மாநிலமாம் கேரளத்தில், 2018 மே மாதம், கோழிக்கோட்டுப் பகுதியில் ஒருவருக்கு வந்த இந்நோய், அவரைப் பேணியோருக்கும் மருத்துவமனையில் அருகிருந்தோருக்கும் பரவி, 17 உயிர்களைக் கொண்டுபோயிற்று. பேராம்பிராவில் நோயாளிக்குப் பணிவிடை செய்த செவிலி லினி, இரு பச்சிளம் பிள்ளைகளை விட்டுவிட்டு, மே 21 அன்று உயிர்நீத்தார். பிறருக்காகத் தன்னைத் தந்த அந்தத் தாயை மறக்கலாகாது.

அப்படியானால் வௌவால்களை விரட்டி, மரத்தை வெட்டிவிடலாமா? கூடாது. மகரந்தம் சேர்த்தும் விதை பரப்பியும் மரங்களை வாழவைப்பவை அவை. இருப்பிடம் இழந்த கூட்டம் நம் தோட்டங்களையே நாடிவரும். பசியாலும் அச்சத்தாலும் நலிந்த வௌவால் நச்சுயிரியை மிகுதியாக வெளிப்படுத்தும் என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர். காடழித்து நாம் அவற்றை நெருங்கியதே இத்தகைய புது நோய்களுக்கு வழி திறந்தது.

நம் காஞ்சிபுரத்தை அடுத்த விஷார் கிராமத்தார், மரத்தில் தொங்கும் வௌவால்கள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அண்டை வீட்டாரிடம் காட்டும் மரியாதை அது! அந்த மரியாதையோடு விலகியிருத்தலும் வேண்டும். கடிபட்ட பழத்தை உண்ணற்க. நல்ல பழத்தையும் கழுவித் தோல்சீவியே பிள்ளைகளுக்குக் கொடுங்கள். விழுந்து கிடக்கும் வௌவாலைத் தொடாதீர்கள். அவை அடையும் மரத்தடியில் ஆடுமாடு கட்டாதீர்கள்.

சிறுவன் மனமின்றித்தான் பழத்தைப் போட்டான், கையையும் கழுவினான். படைத்தவர் மரத்தை எல்லாருக்குமாகவே தந்தார். கடித்த பழம் கடித்தவருக்கே இருக்கட்டும்.