பெயரில் இல்லாத சாதி, முகவரியில் இருக்கிறது

சேரிக்குக் கேள்வித்தாளோடு வருகிறவர்களுக்கு நாம் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். கழிப்பறை உண்டா, குடிப்பழக்கம் உண்டா, பிள்ளை ஏன் படிப்பை நிறுத்தினான்? நம்மை ஒதுக்குகிறவரின் வாசலுக்கு அந்தத் தாள் அரிதாகவே போகிறது.

மனித நடத்தையைச் சோதிக்கும் மென்பொருள் இப்போது காசில்லாமலே கிடைக்கிறது. சைக்கோபை, ஜேஎஸ்சைக் இரண்டும் கட்டற்ற மென்பொருட்கள். மூல நிரலைத் திறந்து திருத்தவும் செய்யலாம். சைக்கோபையில் நிரல் தெரியாதவரும் படம், கேள்விகளை அடுக்கி ஒரு சோதனையை உருவாக்கலாம். ஜேஎஸ்சைக்கில் செய்தது உலாவியிலேயே ஓடும். யாருக்கு எந்த வடிவம் காட்டுவது என்பதைக் கணினியே குலுக்கிப் போடும்.

எதைச் சோதிப்பது? 2007இல் சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் வெளியிட்ட ஆய்வில், தனியார் வேலைகளுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதி ஒன்றாக இருந்தும், தலித் குடும்பப்பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதி இந்துப் பெயருக்கானதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான்.

அதை அப்படியே சிதம்பரத்தில் செய்தால் ஒன்றும் கிடைக்காது. இங்கே பெயருக்கு முன்னால் இனிஷியல்தான். அண்ணாமலை நகரில் அறை தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், அடுத்த கேள்வி என்னவென்று: "எந்த ஊருப்பா? ஊர்ல எந்தப் பக்கம்?" கடலூர் மாவட்டத்தில் சாதியைக் காட்டிக்கொடுப்பது முகவரி. ஆகவே ஒரே விண்ணப்பம், ஒன்றில் 'மேலத்தெரு', இன்னொன்றில் 'காலனி'. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். வரவேற்றோம். சொல் போனால் பார்வையும் போகிறதா? மாற்றிய பெயரோடு மூன்றாவது வடிவம் ஒன்றையும் வைத்தால் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசத்தில் பள்ளிச் சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதைகள் கொடுத்தார்கள். சாதியை அறிவிக்காதபோது எல்லோரும் சமமாகப் போட்டார்கள். அறிவித்ததும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் பின்தங்கினார்கள். அந்த முடிவை நாமும் மேற்கோள் காட்டுகிறோம்தான். ஆனால் நம் தெருப் பிள்ளையை எழுப்பிச் சாதி சொல்லும் சோதனையை நாம் நடத்த மாட்டோம். திரைமுன் உட்கார வேண்டியவர்கள் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள், விடைத்தாள் திருத்துகிறவர்கள், நேர்காணல் எடுக்கிறவர்கள். அவர்களிடமும் முதலில் சம்மதம் வாங்க வேண்டும். முடிந்ததும் எதற்காகச் செய்தோம் என்று சொல்ல வேண்டும்.

முதல் வேலைக்குக் கணினியே வேண்டாம். காட்டுமன்னார்கோவில் முதல் பண்ருட்டி வரை, எந்தெந்தத் தெருப்பெயரைக் கேட்டதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுகிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள், தோழர்களே.