டவர் போனாலும் மெசேஜ் போகுமா? கல்வராயன் மலைக்கு 'பாக்கெட் ரேடியோ' ஏன் தேவை?

கல்வராயன் மலையில் கொட்டும் மழை அடிவாரத்துக்குத்தான் வந்து சேரும். வடக்கனந்தல் பக்கத்தில் உள்ள கோமுகி அணைக்கு நீர் வருவதும் அங்கிருந்துதான். மேலே எவ்வளவு பெய்தது என்ற தகவல் தண்ணீருக்கு முன்னால் கீழே வந்தாக வேண்டும். 2024 நவம்பர் 30-ல் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது கள்ளக்குறிச்சியும் தப்பவில்லை. அரசு குடும்பத்துக்கு ரூ.2,000 நிவாரணம் அறிவித்த மாவட்டங்களில் இதுவும் ஒன்று.

செல்போன் டவருக்குக் கரண்ட் வேண்டும், கேபிளோ மைக்ரோவேவ் இணைப்போ வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும், கையில் உள்ள போனில் ஃபுல் சார்ஜ் இருந்து பிரயோஜனம் இல்லை.

பாக்கெட் ரேடியோன்னா என்ன?

சட்டைப் பையில் வைக்கிற குட்டி ரேடியோ இல்லைங்க. பால் பாக்கெட் மாதிரி, செய்தியைச் சின்னச் சின்ன பொட்டலமாகக் கட்டி அனுப்புவதால் இந்தப் பெயர். ஒவ்வொரு பொட்டலத்திலும் அனுப்புபவர், பெறுபவர் இருவரின் அழைப்புக்குறியும் இருக்கும்.

கட்டுவதும் பிரிப்பதும் 'டிஎன்சி' என்ற கன்ட்ரோலரின் வேலை. கம்ப்யூட்டருக்கும் ஹாம் ரேடியோ செட்டுக்கும் நடுவில் இது உட்காரும். டைப் செய்த எழுத்தை 1200, 2200 ஹெர்ட்ஸ் என இரண்டு ஒலிகளாக மாற்றி ரேடியோவுக்குக் கொடுக்கும். வேகம் நொடிக்கு 1200 பிட். போட்டோ அனுப்ப ஆகாது. 'ஓடையில் தண்ணி ஏறுது, பாலம் மூழ்கிடுச்சு' என்று சொல்ல தாராளம்.

ஹாம் ரேடியோவில் பேசவே முடியுமே, இது எதுக்கு? 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர் ஹாம் ரேடியோ மூலம்தான் தகவல்களை வெளியே கொண்டு சேர்த்தார்கள். ஆனால் ஊர்ப்பெயர், மருந்து அளவு என்று நீளமான பட்டியலை வாயால் சொன்னால், இரைச்சலில் ஒன்று இன்னொன்றாகக் கேட்கும். பாக்கெட்டில் ஒரு எழுத்து கெட்டாலும் எதிர்முனை டிஎன்சி அதை ஏற்காது. 'வந்துடுச்சு' என்ற பதில் வரும்வரை இந்தப் பக்கம் திரும்பத் திரும்ப அனுப்பும்.

எப்படி இயக்குறது?

முதலில் உங்கள் அழைப்புக்குறியைப் பதிய வேண்டும். பிறகு 'டிஎக்ஸ் டிலே'. பட்டனை அழுத்தியதும் செட் முழு சக்திக்கு வர ஒரு நொடியில் சிறு பங்கு ஆகும். அதுவரை டிஎன்சி காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் 300 மில்லி நொடி வைப்பார்கள். குறைத்து வைத்தால் பொட்டலத்தின் தலை வெட்டுப்படும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது ஒலி அளவில்தான். சத்தம் கூடினால் நல்லா போகும்னு திருகுவார்கள். ஒலி சிதைந்து எதிர்முனைக்கு ஒன்றுமே புரியாது.

அலைவரிசை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ். இந்த அலை மலையை ஊடுருவாது. அதனால் வடக்கனந்தலில் ஒரு செட், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு செட் வைத்தால் மட்டும் போதாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் 'டிஜிபீட்டர்' ஒன்று உச்சியில் வேண்டும். ஒரு ரேடியோ செட், சோலார் பேனல், பேட்டரி, டிஎன்சி வேலையைச் செய்யும் 'டைர்வுல்ஃப்' என்ற இலவச மென்பொருள் ஓடும் ராஸ்பெர்ரி பை. அவ்வளவுதான். சர்வதேச விண்வெளி நிலையத்திலும் இதே வேலையைச் செய்யும் கருவி 145.825 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது.

தமிழில் அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் இடம் பிடிக்கும். ஒரு பொட்டலத்தில் வழக்கமாக 256 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்குக் குறைந்தது மூன்று. 'கோ' என்றால் ஆறு. பழைய டிஎன்சிகளோடு வரும் திரைகளில் தமிழ் தெரியவும் தெரியாது.

சிக்கல் எங்கே?

கருவியில் இல்லை, ஆட்களில்தான். லைசென்ஸ் இல்லாமல் இதை இயக்குவது குற்றம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தேர்வு நடத்துகிறது; 12 வயது நிரம்பினால் எழுதலாம். மலையில் ஒருவர், அடிவாரத்தில் ஒருவர், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் என லைசென்ஸ் உள்ள மூன்று பேராவது வேண்டும். அவர்கள் மழை இல்லாத மாதங்களிலும் வாரம் ஒருமுறை செட்டை ஆன் செய்து பழக வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு பெட்டியைப் பிரித்தால், 'டிஎக்ஸ் டிலே' எங்கே இருக்குன்னு தேடவே பொழுது போயிடும்.