கல்லுக்கும் உறுதி கேளுங்கோ

அக்காவுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது. மாப்பிள்ளை ரொறன்ரோ. கூறை, மண்டபம், சாப்பாடு எல்லாவற்றிலும் சண்டை வராமல் தப்பின எங்கட வீடு, கடைசியில் ஒரு மோதிரத்தில் வந்து இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மோதிரத்தில் ஒரு வைரக்கல் வைக்க வேணும். அதை எங்கே வாங்குவது?

பெரியப்பா சொல்கிறார்: "கஸ்தூரியார் வீதியில தெரிஞ்ச கடை இருக்கேக்க, முகம் தெரியாதவனுக்கு ஏன் காசைக் கொட்டுவான்?" வரப்போகிற அத்தான் வட்ஸ்அப்பில் லிங்குக்கு மேல லிங்காக அனுப்புகிறார்: "ஒன்லைன்ல இதே சைஸ் கல்லு எவ்வளவு குறைய எண்டு பாருங்கோ." ஒரு பக்கம் நம்பிக்கை, மறுபக்கம் விலை. மூன்று கிழமையாக இதுதான் கதை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் பிழையான கேள்வியைத்தான் கேட்கிறது. கடை ஊரில் இருக்கிறதா ஒன்லைனில் இருக்கிறதா என்பது இரண்டாவது விஷயம். வாங்கின கல்லு என்ன கல்லு என்று, விற்றவனைத் தவிர வேறு யாராவது சொல்ல முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. சொல்ல ஏலாது என்றால் அந்தக் கல்லை எங்கேயும் வாங்காதீர்கள்.

இந்தக் கோபம் எனக்குப் புத்தகம் படித்து வந்ததில்லை. அம்மாவின் தோட்டில் இருந்து வந்தது.

அம்மாவின் கலியாணத்துக்கு அம்மப்பா ஒரு சோடி வைரத்தோடு வாங்கிக் கொடுத்தார். தெரிஞ்ச கடை. பெயர் இங்கே தேவையில்லை. அம்மம்மா கல்லை மூன்று நாள் வீட்டில் வைத்து, தோஷம் ஏதும் இருக்கோ என்று பார்த்தபிறகுதான் காசு கொடுத்தார்களாம். அவ்வளவு நம்பிக்கை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் மட்டும் ஏறின நேரம், அப்பாவுக்கு வேலை நின்றது. அம்மா முதலில் வங்கிக்குக் கொண்டுபோனா. அடகுக்குப் பவுணின் நிறையைத்தான் பார்ப்பார்கள், கல்லின் நிறையைக் கழித்துவிடுவார்கள். சரி, விற்போம் என்று வாங்கின அதே கடைக்குப் போனா. முதலாளியின் மகன் இருந்தார். தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கல்லு நல்ல கல்லுதான் அன்ரி. ஆனா இதுக்கு ஒரு விலை சொல்லேலாது. பவுணுக்கு வேணுமெண்டால் எடுக்கிறன்" என்றார்.

அது வைரமா இல்லையா என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. ஏமாற்றினார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, ஏமாற்றவில்லை என்று சொல்ல அவர்களிடமும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. பழைய பில்லில் "கல்லுத்தோடு 1 சோடி" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

இப்படி நடக்கிறதுக்குக் காரணம் எங்கட ஆக்களின் முட்டாள்தனம் இல்லை. தெரிஞ்ச கடை என்ற நம்பிக்கை பவுணில் உண்மையாகவே வேலை செய்தது. ஏன்? பவுணைச் சோதிக்க ஆயிரம் வழி இருந்தது. உரைகல்லில் உரைக்கலாம். தராசில் போடலாம். ஒரு பவுண் 8 கிராம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விலை ஒவ்வொரு நாளும் பேப்பரில் வரும். ஒரு கடை குறைத்துக் கொடுத்தால் பக்கத்துக் கடையோ அடகு வங்கியோ காட்டிக்கொடுத்துவிடும். பொன்னுருக்கலில் இரண்டு வீட்டாரும் சுற்றி நின்று பார்க்கத்தான் ஆசாரி பொன்னை உருக்குகிறார். அது சடங்குதான். ஆனால் எல்லார் கண் முன்னாலும் நடக்கிற சடங்கு. கடைக்காரரின் நேர்மையை ஊரே காவல் காத்தது.

வைரத்துக்கு அந்தக் காவல் இல்லை. உரைக்க ஏலாது. தினசரி விலை பேப்பரில் வராது. பவுணில் சம்பாதித்த நம்பிக்கையைக் கடை அப்படியே கல்லுக்கும் கடத்திவிட்டது, நாங்களும் விட்டுவிட்டோம். சொல்லே எங்களைக் குழப்புகிறது. பவுணில் 22 கரட் என்றால் தூய்மை, 24 பங்கில் 22 பங்கு தங்கம். வைரத்தில் ஒரு கரட் என்றால் நிறை, வெறும் 0.2 கிராம். ஒரே சொல், இரண்டு கணக்கு. இது தெரியாமல் "நல்ல கரட் உள்ள வைரம்" என்று கேட்டுக்கொண்டு போகிறவர்களை நான் கடையில் என் காதால் கேட்டிருக்கிறேன். யாரும் திருத்தவில்லை.

வைரத்தின் விலையை நாலு விஷயம் தீர்மானிக்கிறது: நிறை, நிறம், தெளிவு, வெட்டு. நிறத்துக்கு டி தொடங்கி இசட் வரைக்கும் தரம் இருக்கிறது. தெளிவை 10 மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்துத் தீர்மானிப்பார்கள். இதையெல்லாம் அளந்து எழுதுகிற ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஜிஐஏ 1931இல் தொடங்கினது. அது வைரம் விற்பதில்லை, அளந்து அறிக்கை மட்டும் கொடுக்கும். அந்த அறிக்கைக்கு ஒரு இலக்கம் உண்டு. பல கற்களில் அதே இலக்கத்தை ஓரத்தில் லேசரால் பொறித்திருப்பார்கள். இலக்கத்தை ஆய்வுகூடத்தின் தளத்தில் அடித்தால் கல்லின் விவரம் வரும். இப்படி முழுமையாக அளப்பது நகையில் கட்டாத தனிக்கல்லைத்தான். ஆகவே கடதாசி கேட்கிற நேரம் கல்லைக் கட்டுவதற்கு முன், கட்டினபிறகு இல்லை.

"எங்கட முதலாளிக்குக் கண்ணால பாத்தாலே தெரியும்" என்பார் பெரியப்பா. ஒரு காலத்தில் தெரிந்திருக்கலாம். இப்போது தெரியாது, அது அவரின் பிழையும் இல்லை. 1954இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக் கம்பனி வைரத்தை ஆய்வுகூடத்தில் செய்து காட்டியது. இன்றைக்கு நகைக்குரிய கல்லைச் சில கிழமைகளில் வளர்த்து எடுக்கிறார்கள். அது போலி இல்லை. அதே கார்பன், அதே கடினம், அதே மினுக்கம். விலை மட்டும் எத்தனையோ மடங்கு குறைவு. மண்ணில் எடுத்ததா ஆய்வுகூடத்தில் வளர்த்ததா என்று பூதக்கண்ணாடியால் பிரிக்க ஏலாது, அதற்கென்று தனிக் கருவி வேணும். மொய்சனைட் என்று இன்னொரு கல் இருக்கிறது, அது வைரமே இல்லை. ஆனால் சூடு கடத்துவதை வைத்துச் சோதிக்கிற சின்னக் கருவி அதையும் வைரம் என்றுதான் காட்டும். அப்படியென்றால் நேர்மையான கடைக்காரரையே அவருக்குக் கல்லு கொடுத்தவர் ஏமாற்றலாம். கடதாசி கேட்பது அவரை அவமதிப்பதில்லை. அது அவருக்கும் பாதுகாப்பு.

இனி அத்தானின் பக்கம். ஒன்லைன் கடைகள் செய்த ஒரு நல்ல காரியத்தை ஒத்துக்கொள்ள வேணும். நூறு கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட விட்டார்கள். 0.9 கரட் வட்டக்கல்லுக்கும் 1 கரட் கல்லுக்கும் அகலத்தில் கிட்டத்தட்ட 0.2 மில்லிமீற்றர்தான் வித்தியாசம், ஆனால் ஒன்று என்ற இலக்கத்தைத் தொட்டவுடன் விலை பாயும் என்பதை எனக்குக் காட்டினது ஒன்லைன்தான். எந்த நகைக்கடையும் இதைச் சொல்லித்தரவில்லை.

ஆனால் அத்தான் ரொறன்ரோவில் இருந்துகொண்டு கதைக்கிறார். அங்கே பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். இங்கிருந்து அதே மோதிரத்தைத் திருப்புவதென்றால் கூரியர், காப்புறுதி, சுங்கம் என்று அலைய வேணும். கல்லைப் பிடித்திருக்கும் கால் ஒன்று தேய்ந்து ஆடத் தொடங்கினால் எந்த வெப்சைட் வந்து இறுக்கித் தரும்? "90 வீதம் கழிவு" என்று வருசம் முழுக்கப் போட்டிருந்தால் அது கழிவா, முதல் விலையே கற்பனையா? இன்ஸ்டகிராமிலும் பேஸ்புக்கிலும் மினுங்குகிற வீடியோ போட்டு "டயமண்ட் ரிங், இன்பொக்ஸ் பண்ணுங்கோ" என்கிற பக்கங்களுக்கு அறிக்கை இலக்கமும் இல்லை, கடை வாசலும் இல்லை. தெரிஞ்ச கடையிடமாவது போய்ச் சண்டை பிடிக்கலாம்.

இரண்டு பேரும் சேர்ந்து சொல்கிற பொய்யும் ஒன்று உண்டு: வைரம் ஒரு சேமிப்பு. வைரம் நிரந்தரம் என்ற விளம்பர வாசகத்தை டி பியர்ஸ் கம்பனிக்காக ஒரு விளம்பர நிறுவனம் 1947இல்தான் எழுதினது. அதே டி பியர்ஸ் 2018இல் ஆய்வுகூட வைரத்தை ஒரு கரட் 800 டொலர் என்று விற்கத் தொடங்கியது. பிறகு அந்தச் சந்தையில் விலை விழுந்துகொண்டே போக, 2025இல் அந்த வியாபாரத்தை மூடப்போகிறோம் என்று அறிவித்தது. பவுணை விற்கப் போனால் அன்றைய விலை கிடைக்கும். வைரத்தை விற்கப் போனால் வாங்கின விலையில் ஒரு பகுதிதான் கிடைக்கும், அதுவும் கடதாசி இருந்தால். ஆசைக்கு வாங்குங்கள், அதில் பிழையில்லை. அவசரத்துக்கு உதவும் என்று நினைத்து வாங்காதீர்கள்.

"இவ்வளவு கரைச்சல் எண்டால் வைரமே வேண்டாம் எண்டு சொல்லன்" என்று கம்பஸில் தோழர்கள் கேட்பார்கள். சொல்வது லேசு. என் கலியாணத்தில் நான் அப்படித்தான் சொல்வேன். ஆனால் நான் வேண்டாம் என்றதால் அம்மாவின் தோடு விலை பெறாது, அக்காவின் ஆசையும் போகாது.

இது ஒரு கல்லைப் பற்றின கதை மட்டும் இல்லை. தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணுக்கு 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச்சட்டம் ஒரு விசித்திரமான ஏற்பாடு வைத்திருக்கிறது. அவளுக்கு வந்த காணியை விற்பதென்றால் புருஷனின் எழுத்து மூலமான சம்மதம் வேணும். அசையும் ஆதனத்தை, அதாவது நகையை, அவள் யாரையும் கேட்காமல் விற்கலாம். அம்மா, அம்மம்மா போன்றவர்களுக்குக் கையெழுத்துக் கேட்காமல் கையில் இருந்த ஒரே சொத்து நகைதான். அந்த ஒரே சொத்தை நாங்கள் எப்படி வாங்கிக் கொடுக்கிறோம்? காணி வாங்கப் போனால் உறுதி, தோம்பு, எல்லை, மூன்று தலைமுறைக் கதை எல்லாம் பார்க்கிறோம். நொத்தாரிசு தெரிஞ்சவர் என்பதற்காக யாரும் உறுதி இல்லாமல் காணி எழுதுவதில்லை. பெண்ணின் காதுக்கும் விரலுக்கும் போடுகிற சொத்துக்கு மட்டும் "தெரிஞ்ச கடை" போதும் என்கிறோம். உறுதி இல்லாத காணியைச் சீதனமாகக் கொடுத்தால் மாப்பிள்ளை வீடு சும்மா இருக்குமா? உறுதி இல்லாத கல்லைப் போட்டால் ஒருவரும் கேட்பதில்லை. ஏனென்றால் நட்டப்படப் போகிறவள் அவள்தான்.

"ஒன்லைனைப் பாத்து எங்கட கடையளை அழிக்கப் போறியோ?" என்றும் பெரியப்பா கேட்டார். இல்லை. கல்லு எங்கிருந்தோ வருகிற பொருள். எங்கட கடைக்கும் அது வெளியில் இருந்துதான் வருகிறது. எங்கட ஊர்ச் சொத்து கல்லு இல்லை, கல்லைக் கட்டுகிற கை. கடையின் பின் அறையில் குனிந்திருந்து ஊதுகுழலோடு வேலை செய்கிறவருக்குச் செய்கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கல்லுக்கு மட்டும் கடதாசி கேளுங்கள்.

அதுதான் என் முடிவு. கல்லு எங்கே மலிவோ அங்கே வாங்குங்கள், ஆனால் நீங்களே சரிபார்க்கக்கூடிய அறிக்கை இலக்கத்தோடு. கடை தானே அச்சடித்துத் தருகிற மதிப்பீட்டுக் கடதாசி அறிக்கை ஆகாது. மண்ணில் எடுத்ததா வளர்த்ததா என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். நிறை, நிறம், தெளிவு, இலக்கம் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, வாங்குகிறவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. மோதிரத்தை ஊரில் செய்யுங்கள்.

போன சனிக்கிழமை அக்காவும் நானும் பெரியப்பாவோடு கடைக்குப் போனோம். அக்கா அறிக்கை கேட்டா. முதலாளியின் முகம் மாறினது. "ஏன் பிள்ளை, எங்களில நம்பிக்கை இல்லையோ?" பெரியப்பா நிலத்தைப் பார்த்தார். அக்கா சொன்னா, "உங்களில இருக்கு ஐயா. நாளைக்கு நீங்களும் நானும் இல்லாட்டி இந்தக் கல்லுக்கு ஆர் சாட்சி?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போனை எடுத்துக் கொழும்பு செட்டியார் தெருவில் யாரோடோ கதைத்தார். வைத்துவிட்டு, "ரெண்டு கிழமையில இலக்கம் உள்ள கல்லு எடுத்துத் தரலாம். விலையும் பாத்துச் செய்வம்" என்றார்.

எடுத்துத் தரலாமாம். இவ்வளவு காலமும் எடுத்துத் தந்திருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை.