காட்டைக் காதால் படியுங்கள்



காட்டுக்குப் போனால் பறவைகளைக் கண்குளிரப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். ஆனால் அங்கே முதலில் வேலை காதுக்குத்தான். கடந்த பள்ளி விடுமுறையில் மாணவர்களைத் தாமான் நெகாராவுக்கு அழைத்துச் சென்றோம். 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு அது. பேசாமல் நின்று கேட்கச் சொன்னார் வழிகாட்டி.

தொலைவில் "கூ-வாவ்" என்றொரு குரல். மயிலுக்கு உறவான குவாங் ராயா அது. அந்தச் சேவல் காட்டுத் தரையில் ஓரிடத்தைச் சருகில்லாமல் துப்புரவாக்கி, அங்கே நின்று பெடையைக் கூப்பிடுமாம். வாசல் கூட்டச் சோம்பும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்!

அடுத்து, விட்டுவிட்டு ஒலித்து, வரவர வேகமாகி, கடைசியில் கெக்கலி கொட்டிச் சிரித்தது ஒரு குரல். அது "தெபாங் மெந்துவா" எனும் இருவாட்சி. மாமியாரை வெறுத்த மருமகன், அவர் வீட்டுத் தூண்களைக் கோடரியால் வெட்டிச் சாய்த்துச் சிரித்தானாம். அவனே இப்பறவையானான் என்பது மலாய்க்காரர் கதை. அதன் கொண்டை தந்தம்போல் கெட்டியானது. சிற்ப வேலைக்காக அதை வேட்டையாடியதால், 2015ஆம் ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அது பட்டியலிடப்பட்டது.

இருவாட்சியின் குடும்ப வாழ்க்கையைக் கேளுங்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, சிறு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியே ஊட்டும். அதை ஒருவன் சுட்டுவிட்டால், உள்ளே தாயும் குஞ்சும் பட்டினிதான். அது தின்னும் பழங்களின் விதைகள் தொலைவில் விழுந்து மரமாகின்றன. பறவை குறைந்தால் காடும் குறையும்.

பெற்றோர்களே, தீபகற்ப மலேசியாவில் இருவாட்சியைக் காக்க 2010ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் உங்கள் பிள்ளையின் கையிலுள்ள லாஸ்டிக்கைச் சட்டம் வந்து வாங்கி வைக்காது. நீங்கள்தான் வாங்கி வைக்க வேண்டும். நம் செம்பனைக் காட்டு மைனாவுக்கும் கூட்டில் குஞ்சுகள் காத்திருக்கின்றன அல்லவா?

வரும் ஞாயிறு விடியற்காலையில், பிள்ளைகளோடு பத்து நிமிடம் வாசலில் பேசாமல் நில்லுங்கள். எத்தனை குரல் கேட்டது, எந்தப் பறவை என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பெயர் சொல்லி அறிந்த பறவைமீது கல்லெறியப் பிள்ளைக்கு எளிதில் மனம் வராது.

அடுத்த இதழில் சந்திப்போம்.