ஊசிக்குப் பிந்தைய பத்து நாட்கள்

நாய்களின் பரவும் பாலுறுப்புக் கட்டிக்கு வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி போடுவது நம்மில் பலருக்கும் கைவந்த சிகிச்சை. நான்கு முதல் ஆறு ஊசிகளுக்குள் பெரும்பாலான நாய்கள் முழுமையாகத் தேறிவிடுகின்றன. லிம்ஃபோமாவுக்குப் பல மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறையையும் சிலர் கையாள்கிறோம். மருந்தின் அளவு, இடைவெளி, சிரைக்கு வெளியே கசிந்தால் திசு அழுகிவிடும் அபாயம் எல்லாவற்றையும் கூட்டங்களில் விரிவாகப் பேசுகிறோம். நாய் வீடு திரும்பிய பிறகு அந்தக் குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மட்டும் வாசலில் நின்றபடி இரண்டு வரி சொல்லி அனுப்பிவிடுகிறோம். இது போதாது.

ஊசி போட்ட அன்று நாய் நன்றாகவே இருக்கும். வாந்தியும் கழிச்சலும் வந்தால் பெரும்பாலும் இரண்டாம் நாளுக்குப் பிறகுதான். நியூட்ரோஃபில் எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்திலிருந்து பத்தாம் நாளுக்குள் அடிமட்டத்துக்குப் போகிறது. ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று வீட்டார் நிம்மதியடைந்திருக்கும் நேரம் அது. நாய் சுருண்டு படுத்தால் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறதென்று குழந்தைக்கு வாங்கி வைத்த பாராசிட்டமாலையோ இப்யூபுரூஃபனையோ கொடுத்துவிடுகிறார்கள். அதனால் வரும் கேடு நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதையும், ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்கும் முறையையும் முதல் ஊசிக்கு முன்பே கற்றுத்தர வேண்டும். 103-ஐத் தாண்டினால் இரவானாலும் அழைக்க ஓர் எண் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, நாம் அதிகம் கவனிக்காதது. மருந்தின் மிச்சம் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறுகிறது. சைக்ளோபாஸ்பமைடு கொடுக்கும்போது அடிக்கடி சிறுநீர் கழிக்க விட வேண்டும் என்றும் சொல்கிறோம், சிறுநீர்ப்பை புண்ணாகாமல் இருக்க. அப்படியானால் அந்தச் சிறுநீரை யார் துடைக்கிறார்கள்? பல வீடுகளில் நம் எதிரே நின்று கையெழுத்திட்டவர் அல்ல. வீட்டு வேலைக்கு வரும் பெண், சில நேரம் கர்ப்பிணி மருமகள். கையுறை போடு, தனித் துணி வை, நிறைய நீர் ஊற்றிக் கழுவு என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. சின்ன அடுக்குமாடி வீட்டில் தவழும் குழந்தையும் நாயும் ஒரே தரையில்தான் புழங்குகின்றன. சிகிச்சையைத் தொடங்குமுன் ‘வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், நாய் எங்கே படுக்கிறது?’ என்று கேட்பது ரத்தப் பரிசோதனைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

கீமோ என்றதும் மக்கள் மனதில் வருவது மனிதர்கள் படும் பாடு. நாய்களுக்கு நாம் தேர்ந்தெடுக்கும் அளவு குறைவு, நோக்கமும் வேறு: இருக்கும் நாட்களை நல்ல நாட்களாக்குவது. பூடில் போல முடி வளர்ந்துகொண்டே இருக்கும் இனங்களைத் தவிர மற்றவற்றுக்கு முடி அவ்வளவாகக் கொட்டுவதில்லை. அதே நேரம், லிம்ஃபோமா பெரும்பாலும் அடங்குமே தவிர அற்றுப்போகாது. முழுச் சிகிச்சை பெற்றாலும் ஏறக்குறைய ஓர் ஆண்டுதான் பலருக்கும் கிடைக்கிறது. இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். செலவு தாங்காமல் பிரெட்னிசோலோனோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பத்தைக் குறைத்து எண்ண நமக்கு உரிமை இல்லை. (நிணநீர்க்கணு வீங்கிய நாய்க்கு ஊசியுறிஞ்சிப் பரிசோதனை செய்யாமலே ஸ்டீராய்டு தொடங்குவது வேறு விஷயம், அது நோயை மறைக்கிறது, பின்னால் வரும் மருந்துகளின் பலனையும் குறைக்கிறது. இதை நிறுத்த வேண்டும்.)

அடுத்த இதழில் வீட்டுப் பராமரிப்புக்கான ஒரு பக்கக் குறிப்பைப் பெரிய எழுத்தில், பேச்சுக்கு நெருங்கிய தமிழில் வெளியிடுகிறோம். நகலெடுத்து உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுங்கள். வேலைக்கு வருபவருக்கும் ஒரு நகல் போகட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்கிறீர்கள் என்பதை எங்களுக்கு எழுதுங்கள். குறிப்பைத் திருத்தும்போது சேர்த்துக்கொள்கிறோம்.